தெளிந்த பிறகு சொல்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

போனில் நீ "ஹலோ" என்றதுமே எனக்கு வாய் பூட்டிக்கொள்கிறது. நேற்றும் அப்படித்தான். நீ பேசினாய், நான் "ம்" போட்டேன், "கொசு கூட இதைவிடச் சத்தமாப் பேசும்டி" என்று நீ வைத்துவிட்டாய். சொல்ல நினைத்ததில் ஒன்றையும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ டிரைவராக இருக்கிற கம்பெனியின் பஸ் காலையில் இங்கிருந்து கிளம்பும்போது கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். நீயும் அவரிடமே பதில் கொடுத்தனுப்பு.

அக்கா, எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்திருக்கிறது! மருந்துக் கடைக்கு மேலே மாடி, வரிசையாக மூன்று அறைகள், அவ்வளவுதான் எங்கள் கிளினிக். முதல் அறையில் நோயாளிகளுக்கு உடை மாற்றி விடுவோம். நடு அறையில் டாக்டரம்மா வயிற்றுக்குள் குழாய் விட்டு ஸ்கோப் பார்ப்பார். கடைசி அறையில் அவர்கள் மயக்கம் தெளிந்து எழுவார்கள். முதல் அறையும் கடைசி அறையும் என்னுடையவை. நடு அறைக்குள் மட்டும் நான் போகக்கூடாது. வளையல், மூக்குத்தி, கைக்கடிகாரம் எல்லாம் வாங்கிப் பையில் போடுவேன். ஒருவர் பல் செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "பத்திரம்மா, அது என்னைவிட விலை ஜாஸ்தி" என்றார்.

போன வாரம் ஒரு கூத்து. ஒரு பெரிய மீசைக்காரர் வந்தார். சிஸ்டர் காகிதத்தை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆச்சும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் அவர். சாப்பிட்டவருக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாதே! திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதிப் படி இறங்கினவர் அங்கேயே நின்று சத்தம் போட்டார். "சாப்பிட்டியான்னு கேட்டா ஆச்சுன்னு சொல்றதுதானே மரியாதை? நேத்து ராத்திரியிலேர்ந்து கொலைப் பட்டினி கிடக்கேன்!" சிரித்து சிரித்து சிஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது அவர், "கடைசியா வாயில என்ன போட்டீங்க, எப்போ?" என்றுதான் கேட்கிறார்.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. சிஸ்டரிடம் "ஒன்னுமே சாப்பிடல" என்பார்கள். அப்புறம் நான் அங்கியின் நாடாவைக் கட்டுவேன். எனக்குத்தான் பேச வராதே, சும்மா கட்டுவேன். அந்த மௌனம் அவர்களுக்குப் பொறுக்காது, அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். மருமகள் சண்டை, நிலத்தகராறு எல்லாம் வரும். நடுவில், "ஒரு டம்ளர் பால் மட்டும் குடிச்சேம்மா, அது சாப்பாட்டுல சேருமா என்ன?" என்று அதுவும் வந்துவிடும். நான் ஓடிப்போய் சிஸ்டரின் கையைப் பிடித்து இழுப்பேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரை நாங்கள் மயக்க டாக்டர் என்போம். "இந்தப் பொண்ணு வாயே திறக்காம வேலை வாங்கிடுது" என்கிறார் அவர்.

இப்போது முக்கியமான விஷயம். மயக்க அறை உதவியாளர் என்று ஒரு வருடப் பயிற்சி இருக்கிறதாம். பத்தாவது போதும்! பகலில் இங்கே வேலை, மாலையில் வகுப்பு. டாக்டரம்மாவே சேர்த்துவிடுகிறேன் என்கிறார். அதை முடித்தால் நடு அறைக்குள் போகலாம், அக்கா. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "உங்க அக்கா போட்டா சரி, என்னை இதுல இழுக்காதே" என்கிறாள்.

சரி என்று ஒரு சொல் எழுது. படிவத்தை அனுப்புகிறேன்.

கொசு


ஜூன் 7

கொசுவுக்கு,

நாலு பக்கம்! இந்த வாயை இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே? கண்டக்டர் அண்ணன் கவரைக் கையில எடை போட்டுப் பாத்துட்டு, "லக்கேஜ் டிக்கெட் போடணும் போலிருக்கே"ங்கிறாரு.

பதில், முடியாது.

கோவத்துல சொல்லல, யோசிச்சுத்தான் சொல்றேன். பதினொன்னாவதுல, எழுந்து நின்னு சத்தமாப் படின்னு வாத்தியார் சொன்னாரு. உனக்குக் குரல் வரல, கிளாஸே சிரிச்சுது. மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. பெட்ஷீட் மடிக்கிறதோட நின்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். மயக்க அறைங்கிறது அப்படியா? உயிர் விஷயம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நிக்கிறவன் நிறுத்தச் சொல்லி "ஹோல்டான்"னு கத்தணும். கத்த வராதவனை நான் பின்னாடி நிறுத்துவேனா? ஒருத்தருக்கு மூச்சு நின்னு போச்சுன்னா, நீ போய் யார் கையைப் பிடிச்சு இழுப்பே?

முதல்ல பேசக் கத்துக்கோ, அப்புறம் கையெழுத்து.

இன்னொரு விஷயம். முதுகு வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு எனக்கு வயிறு எரியுது. போன வாரம் ஒரு தடவை வாந்தி, டீத்தூள் கரைச்ச மாதிரி கறுப்பா. இங்க டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, உடனே ஸ்கோப் பாருங்கன்னாரு. வாய் தவறி அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சேன். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, உங்க கிளினிக்லயே பதினெட்டாம் தேதி காலையில ஒன்பதரைக்கு நேரம் வாங்கிட்டா. முதல் வண்டியில வரேன். ஒரு நாள் லீவுக்கு மேனேஜர் கால்ல விழாத குறை, ஞாபகம் வெச்சுக்கோ.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நீ முடியாது என்று எழுதியதற்கு நான் தனியாக அழுதுகொள்கிறேன். இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் நீ வரப்போகிறாய்! என் இரண்டு அறைகளையும் பார்க்கப்போகிறாய்! ஜன்னலைத் துடைத்துவிட்டேன், ஒன்பது நாள் முன்னாடியே.

கறுப்பு வாந்தி பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், எழுதிக் காட்டினேன். மறுபடி அப்படி வந்தாலோ தலை சுற்றினாலோ பதினெட்டு வரை காத்திருக்கக்கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அந்த முதுகு வலி மாத்திரையையும் இன்றே நிறுத்து என்றார்.

மற்றதைக் கவனமாகப் படி. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. காலையில் டீ கிடையாது. பால் விட்ட டீ சாப்பாட்டுக் கணக்கு, அக்கா. வெறும் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடு. விழித்திருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நாம் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் இருமலும் தூங்கிவிடும். மேலே வருவது நேராக நுரையீரலுக்குள் போய்விடும்.

குறட்டை விடுவாயா என்று மயக்க டாக்டர் கேட்பார். வெட்கப்படாமல் உண்மையைச் சொல். நீ விடுகிற குறட்டை நம் தெருவுக்கே தெரியும். அப்புறம் அன்றைக்கு முழுக்க நீ வண்டி ஓட்டக்கூடாது, சைக்கிள் கூட. தெளிந்துவிட்டது மாதிரித்தான் இருக்கும், ஆனால் தெளிந்திருக்காது. அம்மா வந்து கூட்டிப்போவாள்.

சீக்கிரம் வா!

கொசு


ஜூன் 19

ஏண்டி,

சந்தோஷமா? நிம்மதியா?

கையில ஊசி குத்தியாச்சு. வாயில அந்த பிளாஸ்டிக் வளையத்தை மாட்டியாச்சு. பக்கவாட்டுல படுக்க வெச்சு, விரல்ல கிளிப்பை மாட்டி, எல்லாம் ரெடி. அப்பத்தான் நீ கதவைத் திறந்துக்கிட்டு, கீழ மருந்துக் கடைக்காரனுக்கே கேக்குற மாதிரி, "நிறுத்துங்க! அக்கா டீ குடிச்சிருக்கா!"ன்னு கத்தினே. பொறந்ததுலேர்ந்து வராத குரல் அன்னிக்குத்தான் வரணுமா? என்னைக் காட்டிக் கொடுக்கத்தான் வரணுமா?

அந்த மயக்க டாக்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! டிக்கெட் எடுக்காம மாட்டிக்கிட்டவ மாதிரி படுத்துக் கிடந்தேன். பதிலா ரெண்டு வார்த்தை சொல்லலாம்னா, வாய்க்குள்ள வளையம்.

ஆமா, குடிச்சேன். விடியக்காலைல எழுந்து வண்டியில குலுங்கி வரேன். பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர் தெரிஞ்சவர், கண்ணாடி டம்ளரை நீட்டினாரு. ஒரே ஒரு டீ. இதுக்காக லீவு போச்சு, அம்மா ரோட்டுலயே அழுதா, எல்லாம் போச்சு.

எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். யார் சொன்னா உனக்கு? டீக்கடையில நம்ம ஆள் யாருமே இல்ல, நான் நல்லாப் பாத்துட்டுத்தான் குடிச்சேன். என்கூட வந்த டிரைவரா? அவனை நான் பாத்துக்கிறேன்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்கா,

டிரைவர் அண்ணனை ஒன்றும் செய்யாதே. யாரும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

உனக்கு நான் அங்கி கட்டினேன், பேசவில்லை. என் மௌனத்தைப் பற்றி உனக்குத்தான் கடிதத்திலேயே எழுதிவிட்டேனே, நீ உஷாராக ஒன்றும் உளறவில்லை. ஆனால் என் கன்னத்தைக் கிள்ளினாய். சிஸ்டரிடம் கண்டக்டர் ஜோக் ஒன்று சொன்னாய். "சார், இன்னிக்கு ஸ்டியரிங் உங்க கையிலா?" என்று மயக்க டாக்டரைக் கேட்டாய். அவர்கூடச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது, என் அக்கா எவ்வளவு கலகலப்பு என்று. கதவு மூடியது. நான் அடுத்த ஆளுக்குப் பெட்ஷீட் விரித்தேன்.

விரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சில்லென்று ஆகிவிட்டது.

காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் நீ யாரிடம் சிரித்திருக்கிறாய், அக்கா? நம் வீட்டில் அந்த நேரத்தில் யாராவது உன் பக்கம் வருவார்களா? நான் சீப்பு எங்கே என்று கேட்டதற்கே சீப்பு பறந்து வந்ததே! டீ குடிக்காமல் நீ ஒன்பதரை மணிக்கு ஜோக் சொல்வது நடக்கிற காரியமா?

கதவைத் திறக்கும்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மயக்க டாக்டரின் கை உன் கையிலிருந்த குழாய் மேலே இருந்தது, ஊசியோடு. இழுக்கப் பக்கத்தில் சிஸ்டர் கையும் இல்லை. கத்தியது நான்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார், அக்கா. உனக்கு எப்படித் தெரியும், நீ யார் உள்ளே வர என்றெல்லாம் கேட்கவில்லை. முதலில் கையை எடுத்தார். அப்புறம் உன் வாயிலிருந்து வளையத்தை எடுத்துவிட்டு, "எப்போம்மா?" என்றார். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மட்டும் ஒரே ஒரு டீ என்று எழுதியிருக்கிறாயே. அங்கே, "ரெண்டு பன்னு. ஆனா டீயில நனைச்சதுதான் சார், ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு" என்றாய். சிஸ்டர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மதியத்தோடு மயக்க டாக்டர் கிளம்பிவிடுவார், உன் வயிறு காலியாக மாலை ஆகிவிடும். அதனால்தான் அனுப்பினார்கள். அடுத்து உனக்கு ஜூலை ஐந்தாம் தேதிதான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஏதாவது இடம் கிடைக்குமா என்று தினமும் பார்க்கிறேன்.

உன் லீவு போனதற்கு மன்னித்துக்கொள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை.

கொசு


ஜூன் 24

ஓஹோ. டீ குடிச்சா நான் மனுஷி, குடிக்கலைன்னா பேய். நல்லா ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கே.

ஐந்தாம் தேதியும் வேண்டாம், ஆறாம் தேதியும் வேண்டாம். எங்க டெப்போவுக்கு எதிர்லயே மூலையில ஒரு கிளினிக் இருக்கு. நம்ம செக்கரோட மாமியாருக்கு அங்கதான் பண்ணினாங்களாம். ஒரு கேள்வி கிடையாது. போனா படு, எழுந்தா போ. "அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், மத்தியானம் டூட்டிக்கே போகலாம்"ங்கிறாங்க. வியாழக்கிழமை போறேன். உங்க மாதிரி சீப்பு, டீ, குறட்டைன்னு ஜாதகம் கேக்கல.

அந்தப் படிவத்தை உன் கிளினிக்லயே பத்திரமா வெச்சுக்கோ. கையெழுத்துன்னு இனிமே எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூன் 25

அக்கா,

போன் அடித்தேன். நீ எடுத்தாய். நான் "அக்கா, போகாதே" என்றேன். நீ "சத்தமே கேக்கல, பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. கண்டக்டர் அண்ணன் வண்டியைக் கிளப்பப் போகிறார். அவர் முதுகில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல்.

கையெழுத்து வேண்டாம். பயிற்சியே வேண்டாம். கேட்கவே மாட்டேன், சத்தியம். இதை மட்டும் செய்.

படுப்பதற்கு முன்னால், "நான் தூங்கும்போது என்னை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கப் போவது யார்?" என்று கேள். டாக்டர் என்று சொன்னால் விடாதே. அவர் கண் உன் வயிற்றுக்குள் இருக்கும். மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும், அது வயிற்றுக்குள் பார்க்கிறவருக்குத் தெரியாது. நீ கூட்ட நேரத்தில் வண்டியும் ஓட்டிக்கொண்டு டிக்கெட்டும் கிழிப்பாயா, அக்கா?

ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே என்று கேள். திறந்து காட்டச் சொல்.

கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று அவர்களாகக் கேட்கிறார்களா பார். அது போதும். கேட்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. யார் சிரித்தாலும் பரவாயில்லை, நான் சிரிக்க மாட்டேன்.

வண்டி


ஜூன் 27

கொசு,

உன் கடுதாசி பாதியில நிக்குது. "வண்டி"ன்னு முடிச்சிருக்கே. கண்டக்டர் அண்ணன், "உன் தங்கச்சி என் சட்டையிலயும் ரெண்டு வரி எழுதிட்டா"ன்னு முதுகைக் காட்டுறாரு. பேனா மை, போகவே இல்ல.

இப்ப கதையைக் கேளு.

போனேன். உள்ள ஒரே அறை. ஒரு ஆள் பணத்தை வாங்கிக்கிட்டு, பச்சை அங்கி ஒன்னைக் கொடுத்தான். மாட்டிக்கிட்டுப் போய்ப் படுத்தேன். உன் கடுதாசியை நான் ஒன்னும் நம்பிடல. சரி, கேட்டுத்தான் வைப்போமேன்னு, "தூங்கும்போது என்னை யாருங்க பாத்துக்குவாங்க?"ன்னேன்.

"டாக்டர்தாம்மா."

"அவர் வயித்தைல்ல பாப்பாரு?"

"ரெண்டையும் பாப்பாரு. சின்ன ஊசிதான், பயப்படாதீங்க."

ரெண்டையும் பாப்பாராம். அம்பது பேரோட மலையிறக்கத்துல நான் ஒரு நாள் ரெண்டையும் பாத்துக் காட்டட்டுமா?

மூலையில சிலிண்டர் இருந்துச்சு. அது மேல ஒரு துண்டு காயுது. "திறந்து காட்டுங்க"ன்னேன். அவன் முழிக்கிறான். "சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அதெல்லாம் தேவைப்படாதும்மா"ங்கிறான். பிரேக் தேவைப்படாதுன்னு சொல்ற மெக்கானிக்கை நான் இன்னும் பாத்ததில்ல.

அப்பவும் எழுந்திரிக்கலடி. டாக்டர் உள்ள வந்தாரு, ஊசியை எடுத்தாரு. யாரும் என்னைச் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. உண்மையில முந்தின ராத்திரியிலேர்ந்து நான் பட்டினி, தண்ணி கூட இல்ல. ஏன் இருந்தேன்னு கேக்காதே. இருந்தேன். எனக்கு என்ன தோணிச்சோ, நானாச் சொன்னேன், "சார், வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்."

"பரவால்ல, திரும்பிப் படுங்க"ன்னாரு.

பரவால்லையாம்!

எனக்கு உன் குரல் கேட்டுச்சு கொசு. அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு நீ நின்ன மாதிரியே. உங்க மயக்க டாக்டர் கையை எடுத்தாருன்னு எழுதியிருந்தியே, முதல்ல கையை எடுத்தாருன்னு. இவர் கையை எடுக்கல. நான் எடுத்தேன், என் கையை. செருப்பைக் கூட மாட்டாம இறங்கி ஓடி வந்துட்டேன். டெப்போ வாசல்ல மொத்த ஷிஃப்ட்டும் நிக்குது, நான் பச்சை அங்கியோட, பின்னாடி நாடா அவுந்து! செக்கர், "என்னக்கா, புது யூனிஃபார்மா?"ங்கிறான். அவன் மாமியார் எப்படிப் பொழைச்சு வந்தாங்கன்னு அவனைக் கேட்டேன். அன்னிக்கு முழுக்க எழுப்பவே முடியலையாம், அசதின்னு நெனச்சாங்களாம்.

ஐந்தாம் தேதி வரேன். இன்னும் அந்த இடம் காலியாத்தான் இருக்கா?

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்கா,

நீ இப்போது எனக்கு எதிரில்தான் இருக்கிறாய், கடைசி அறையில், என் கட்டிலில். எழுந்து உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்கிறாய். அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாய். ஆனால் இதில் ஒன்றும் நாளை உனக்கு ஞாபகம் இருக்காது. மருந்து அப்படி. அதனால் இதைக் கடிதமாக எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் முடிவு. வயிற்றில் புண், இப்போது ரத்தம் இல்லை. அந்த முதுகு வலி மாத்திரையை இனி நீ தொடவே கூடாது. புண் ஆற வேறு மருந்து தருகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரம்மா இதை உன்னிடமே இரண்டு முறை சொன்னார், நீ இரண்டு முறையும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

உள்ளே நடந்ததை சிஸ்டர் சொன்னார். நீ தூங்கினதும் குறட்டை ஆரம்பித்ததாம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் நல்லாத் தூங்குகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மயக்க டாக்டர் அப்படி நினைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சுக் காற்று வரவில்லை. இரண்டு விரலால் உன் தாடையைத் தூக்கிப் பிடித்தார், மூச்சு வந்துவிட்டது. குழாய் வெளியே வரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லையாம். மூக்கில் ஆக்சிஜனை முதலிலேயே வைத்திருந்தார், ஏனென்றால் உன் குறட்டையைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். எழுதிக் காட்டவில்லை, அக்கா. வாயால் சொன்னேன். நீ அவரிடம், "குறட்டையா? நானா?" என்றாயாம்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். அதே கதவு. இந்த முறை திறக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நீ சொன்னவை. கண் திறந்ததும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்று சிஸ்டரை விரட்டினாய். மயக்க டாக்டரிடம், "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டாய். "அடுத்த ஸ்டாப்புலதாம்மா" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. வண்டிச் சாவியைக் கேட்டு அம்மாவோடு சண்டை போட்டாய்.

அப்புறம் என் கையைப் பிடித்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாய். "இவ என் தங்கச்சி. வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். இவளை நீங்க விட்டுடாதீங்க. எங்கடி அந்தப் படிவம்? குடு. இப்பவே போடுறேன் கையெழுத்து. பேனா குடுங்க யாராவது!"

அம்மா பேனாவை எடுத்து நீட்டினாள். "சொல்லும்போதே வாங்கிக்கோடி, நாளைக்கு இவ மனசு மாறிடும்" என்று என் காதில் சொன்னாள். படிவம் என் அலமாரியில்தான் இருக்கிறது, இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். கடைசித் தேதி பத்து.

நான் எடுக்கவில்லை. மயக்க மருந்து வாங்கினவரிடம் அன்றைக்கு எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் இந்த அறையின் விதி. வீடு விற்கிறேன் என்றாலும் சரி, சண்டைக்காரரை மன்னித்துவிட்டேன் என்றாலும் சரி, அன்றைக்கு அது கணக்கில் வராது. எத்தனை பேருடைய பேனாவை நானே வாங்கி வைத்திருக்கிறேன்! உன்னுடையதை மட்டும் வாங்காமல் விடுவேனா? "படிவம் தொலஞ்சு போச்சு அக்கா" என்று பொய் சொன்னேன். "உனக்குப் பொறுப்பே கிடையாது" என்று திட்டிவிட்டு, பிஸ்கட் கேட்டாய்.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு வேண்டாம், நாளன்றைக்கு எடுத்துப் பார். நன்றாகத் தெளிந்த பிறகு சொல். முடியாது என்று சொன்னாலும் சரிதான், அது நீ சொன்னதாக இருக்க வேண்டும்.

இப்போது என்னைப் பார்த்து, "என்னடி எழுதிக்கிட்டே இருக்கே, வாயத் திறந்து பேசேன்" என்கிறாய்.

கொசு


ஜூலை 8

கொசுவுக்கு,

அம்மா கடுதாசியைக் கொடுத்தா. படிச்சேன். அந்த டாக்டர்கிட்ட எங்க இறங்கணும்னு நான் கேட்டேனா? பொய் சொல்லாதே. கதவு மூடினது ஞாபகம் இருக்கு, அம்மா ஆட்டோவுல ஏத்தினது ஞாபகம் இருக்கு. நடுவுல வெறும் இருட்டு. அந்த இருட்டுல நான் என்ன வேணும்னாலும் சொல்லியிருப்பேன் போல. நீ என்ன வேணும்னாலும் வாங்கியிருக்கலாம் போல.

நீ சொன்னபடி நாளன்னிக்கு வரை தொடவே இல்ல. நேத்துதான் எடுத்தேன். ரெண்டு தடவை படிச்சேன், அந்தச் சின்ன எழுத்து முழுசும். அப்புறம்தான் போட்டேன். பாரு, கை நடுங்கல, கோணல் இல்ல. இத்தோட வெச்சிருக்கேன்.

பள்ளிக்கூடத்தை விட்ட கோவம் அப்படியேதான் இருக்கு, அதுக்கு நேர்ல வந்து திட்டுவேன். ஆனா ஒன்னு சொல்றேன். கதவைத் திறந்து கத்தினியே, அதுக்காக இதைப் போடல. பயத்துல யார் வேணும்னாலும் கத்திடுவாங்க. உனக்கு வேணுங்கிறதை நானே நீட்டினப்ப, அம்மா பேனாவோட நின்னப்ப, அலமாரியைத் திறக்காம இருந்தே பாரு, அதுக்குத்தான். அன்னிக்கே நீ கையெழுத்து வாங்கியிருந்தா, நேத்து வந்து கிழிச்சுப் போட்டிருப்பேன்.

தூங்குறவங்களை உன்கிட்ட விட்டுட்டுப் போகலாம்டி.

பத்தாம் தேதிக்குள்ள கொடுத்துடு. கண்டக்டர் அண்ணன் ஜன்னல்கிட்ட நின்னு கையை நீட்டிக்கிட்டே இருக்காரு, புது சட்டை போட்டிருக்காரு, முதுகைக் காட்ட மாட்டேங்கிறாரு. வண்டி எடுக்கணும்.

அக்கா